‘தந்தை’ என்பது எதன் பெயர்?

இந்த எபிசோடு கொஞ்சம் நிதானமா கேட்க வேண்டியது. பஸ்ல தொங்கிக்கிட்டு கேட்கிறவங்க, உட்கார இடம் கிடைச்சதும் ஆரம்பிச்சா நல்லது.

கி.பி. 380-களின் தொடக்கம். கான்ஸ்டான்டினோபிள் நகரம், இன்றைய இஸ்தான்புல். அங்கே ஒரு பிரசங்கத்தில் நிஸ்ஸா ஊர் பிஷப் கிரிகோரி நகரத்து ஜனங்களைக் கிண்டல் பண்றார். சில்லறை கேட்டா, காசு மாத்துறவன் ‘பிறந்தவர்’, ‘பிறவாதவர்’னு தத்துவம் பேசுறானாம். ரொட்டி என்ன விலைன்னு கேட்டா, தந்தை பெரியவர், மகன் அவருக்குக் கீழேன்னு பதில் வருதாம். குளிக்கத் தண்ணி தயாரான்னு கேட்டா, மகன் ஒன்றுமில்லாமையிலிருந்து உண்டாக்கப்பட்டவர்னு சொல்றாங்களாம். நம்ம ஊர் டீக்கடையில கூட்டணிக் கணக்கு பேசுற மாதிரி, அங்கே திரித்துவம் பேசியிருக்காங்க.

டீக்கடைப் பேச்சோட இது நிற்கல. இதுக்காக பிஷப்புகள் நாடு கடத்தப்பட்டாங்க, தேவாலயங்களுக்குள்ள படை நுழைஞ்சது, பேரரசர்கள் கட்சி மாறினாங்க. கடைசியில இதே கேள்வியோட ஒரு கிளையில கிழக்குத் திருச்சபையும் மேற்குத் திருச்சபையும் முட்டிக்கிட்டு நின்னுச்சு. அந்தக் கேள்வி என்ன, அதுக்குக் கிடைச்ச பதில் எப்படி வேலை செய்யுது, அந்தப் பதிலே எப்படி அடுத்த சண்டைக்கு வழி விட்டதுன்னு இன்னைக்குப் பார்க்கலாம். நான் இறையியல் கல்லூரி பக்கம் போனவன் இல்ல, மென்பொருள் எழுதுற ஆள். அதனால நம்பணுமா வேண்டாமாங்கிற கேள்விக்குள்ள போகல. அந்தக் காலத்து ஆட்கள் எப்படி யோசிச்சாங்கங்கிறதுதான் எனக்கு ஆர்வம்.

முதல்ல சிக்கலைச் சொல்லிடறேன். கிறிஸ்தவர்கள் மூணு விஷயத்தை ஒரே நேரத்தில் சொல்ல வேண்டியிருந்தது. கடவுள் ஒருவர்தான். தந்தை, மகன், தூய ஆவி ஒவ்வொருவரும் கடவுள். ஆனா தந்தை மகன் இல்ல, மகன் ஆவி இல்ல. இதுல ஏதாவது ரெண்டை வெச்சுக்கிட்டு ஒண்ணை விட்டுட்டா வேலை சுலபம். மூணையும் பிடிச்சா கை நழுவுது.

சுலபமான முதல் வழி, மூணாவது வாக்கியத்தை விட்டுடறது. ஒரே கடவுள் மூணு வேஷம் போடறார்னு சொல்லிடலாம். மூணாம் நூற்றாண்டு ரோமாபுரியில் சபெல்லியுஸ் என்பவர் பேரோட ஒட்டிக்கிட்ட கருத்து இது. இன்னைக்கும் ஞாயிறு பள்ளியில் குழந்தைங்களுக்குத் தண்ணி, பனிக்கட்டி, நீராவின்னு உதாரணம் சொல்றாங்க இல்லையா? ஒரே மனுஷன் வீட்ல அப்பா, அவங்க அம்மாவுக்கு மகன், ஆபீஸ்ல மேனேஜர்னு சொல்றாங்க இல்லையா? அதெல்லாம் திருச்சபை தள்ளிவெச்ச சபெல்லியுஸ் கருத்துதான். சொல்றவங்களுக்கே தெரியாது, பாவம். இதுல இருக்கிற ஓட்டை, கெத்சமனே தோட்டத்தில் இயேசு தந்தையை நோக்கி வேண்டுறார். வேஷம் மட்டும்தான் வேறன்னா, அவர் யார்கிட்ட பேசினார்?

ரெண்டாவது வழி, நடு வாக்கியத்தைத் தளர்த்துறது. இங்கேதான் ஆரியுஸ் வர்றார்.

எகிப்தின் அலெக்சாண்டிரியா துறைமுக நகரத்தில் ஆரியுஸ் ஒரு குரு. சுமார் 318 வாக்கில் தன்னோட பிஷப் அலெக்சாண்டரோட மோதுறார். அவர் கேள்வி ரொம்ப நேர்மையான கேள்வி. மகன்னா பிறந்தவர். பிறந்தவருக்குத் தொடக்கம் உண்டு. தொடக்கம் உள்ளவர், தொடக்கமே இல்லாத கடவுளுக்குச் சமமா எப்படி இருக்க முடியும்? அதனால மகன் எல்லாப் படைப்புக்கும் முந்தினவர், எல்லாப் படைப்பையும் விட உயர்ந்தவர், அவர் வழியாத்தான் மத்த எல்லாம் உண்டாச்சு, ஆனாலும் அவரும் ஒரு படைப்புதான். இயேசுவைச் சாதாரண மனுஷன்னு ஆரியுஸ் சொல்லல. இதைப் பலர் தவறா சொல்றாங்க. வேத ஆதாரமும் வெச்சிருந்தார். நீதிமொழிகள் 8-ஆம் அதிகாரத்தில் ஞானம் தன்னைப் பத்திப் பேசும்போது, ஆண்டவர் தன்னைத் தொடக்கத்தில் உண்டாக்கினதா கிரேக்க மொழிபெயர்ப்பில் வருது. அது போதாதுன்னு கப்பல்காரங்க, மாவு அரைக்கிறவங்க, பயணம் போறவங்க பாடுறதுக்குப் பாட்டும் எழுதினார்னு ஒரு பழைய வரலாற்றாசிரியர் குறிச்சு வெச்சிருக்கார். கருத்து தெருவுக்கு வந்தது இப்படித்தான்.

ஆரியுஸை மறுத்தவங்களோட வாதம் என்ன? அலெக்சாண்டருக்கு உதவியா இருந்த இளைஞர், பின்னால அவருக்கே வாரிசா வந்த அத்தனாசியுஸ், ரெண்டு முனையில அடிச்சார். ஒண்ணு, மகன் படைப்புன்னா இத்தனை நாளா நாம ஒரு படைப்பை வழிபட்டுக்கிட்டு இருந்தோமா? ஒரு படைப்பு இன்னொரு படைப்பை எப்படிக் கடவுளோட சேர்க்க முடியும்? தண்ணியில தத்தளிக்கிறவனை இன்னொரு தத்தளிக்கிறவன் காப்பாத்த முடியுமா? (உதாரணம் என்னோடது, வாதம் அவரோடது.)

ரெண்டாவது முனைதான் நமக்கு முக்கியம். ‘தந்தை’ங்கிற சொல்லைக் கவனிங்க. பிள்ளை இல்லாம ஒருத்தர் தந்தை ஆக முடியாது. மனுஷன் இருபத்தஞ்சு வருஷம் சும்மா இருந்துட்டு அப்புறம் அப்பா ஆகலாம். கடவுளும் அப்படி ஒரு கட்டத்தில் ‘தந்தை’ ஆனார்னா, கடவுள் மாறினார்னு அர்த்தம். மாறாத கடவுள் என்றைக்குமே தந்தைன்னா, மகனும் என்றைக்குமே இருக்கணும். இந்த எண்ணத்தோட விதை நூறு வருஷம் முன்னாலயே அதே அலெக்சாண்டிரியாவில் ஒரிஜென் கிட்ட இருந்தது. ‘பிறப்பு’ங்கிறது ஒரு நாள் நடந்து முடிஞ்ச சம்பவம் இல்ல, விளக்கிலிருந்து ஒளி வர்ற மாதிரி எப்பவும் இருக்கிற உறவு. விளக்கு எரியற வரைக்கும் ஒளி இருக்கும். விளக்கு முதல்ல, ஒளி பிறகுன்னு பிரிக்க முடியாது.

325-ல் பேரரசர் கான்ஸ்டன்டைன் நிசேயாவில் பிஷப்புகளைக் கூட்டினார். இன்றைய துருக்கியில் இஸ்னிக்னு ஒரு ஏரிக்கரை ஊர். அதுக்கு முன்னாடி அவர் ரெண்டு தரப்புக்கும் எழுதின கடிதத்தில், இவ்வளவு சின்ன விஷயத்துக்கா சண்டைங்கிற தொனிதான் இருந்தது. புதுசா பேரரசு முழுவதையும் கையில எடுத்த ஆளுக்கு ஒற்றுமைதான் தேவை, இலக்கணம் இல்ல. சங்கம் ஒரு விசுவாச அறிக்கை எழுதி, அதுல ஒரு கிரேக்கச் சொல்லை வெச்சது: ஹோமோஊசியோஸ். ‘ஊசியா’ன்னா இங்கே தையல் ஊசி இல்ல, ஒரு பொருளோட உள்ளியல்பு, அது எதுவா இருக்கோ அது. மகன் தந்தையோட ஒரே ஊசியா உடையவர். தமிழ்த் திருப்பலியில் ‘ஒரே பொருளானவர்’னு வர்றது இந்தச் சொல்தான்.

ஆரியுஸும் கையெழுத்துப் போட மறுத்த ரெண்டு பிஷப்புகளும் நாடு கடத்தப்பட்டாங்க. விஷயம் முடிஞ்சதுன்னு பாடப்புத்தகம் எழுதும். ஆனா உண்மையான குழப்பம் அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சது. அந்தச் சொல் பைபிள்லயே இல்ல. அதுவுமில்லாம, 268-ல் அந்தியோக்கியாவில் கூடின ஒரு சங்கம் வேறொரு வழக்கில் இதே சொல்லை நிராகரிச்சதா ஒரு பேச்சு இருந்தது. கையெழுத்துப் போட்ட பல பிஷப்புகளே, இது சபெல்லியுஸோட வேஷக் கடவுளைப் பின்வாசல் வழியா கொண்டு வந்துடுமோன்னு பயந்தாங்க. கான்ஸ்டன்டைனே சில வருஷத்தில் மனசு மாறினார். 337-ல் சாகிற நேரத்தில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், ஆரியுஸுக்கு ஆதரவா நின்ன நிக்கோமீடியா பிஷப் யூசேபியுஸ்.

அத்தனாசியுஸ் 328-ல் பிஷப் ஆனவர், 373-ல் இறக்கிற வரைக்கும் அஞ்சு தடவை துரத்தப்பட்டார். கூட்டிப் பார்த்தா சுமார் பதினேழு வருஷம் சொந்த ஊர்ல இல்ல. முதல் தடவை இன்றைய ஜெர்மனியில் இருக்கிற ட்ரியர் நகரத்துக்கு. 356-ல் இரவு வழிபாடு நடந்துக்கிட்டு இருக்கும்போதே படை தேவாலயத்தைச் சூழ்ந்தது. தப்பிச்சு பாலைவனத் துறவிகள் கிட்ட ஒளிஞ்சார். அவர் பொறுமைசாலி, சாதுன்னு நினைச்சுடாதீங்க. எதிரிகளைத் திட்டுறதுல அவருக்கு நிகர் இல்ல.

இந்தக் காலத்தில் சமரசத்துக்குன்னு ஒரு சொல் வந்தது: ஹோமொய்ஊசியோஸ். ‘ஒரே’ இயல்பு இல்ல, ‘ஒத்த’ இயல்பு. கிரேக்கத்தில் எழுதினா ஒரே ஒரு எழுத்து கூடுது, ஐயோட்டா. ஒரு எழுத்துக்காக உலகமே அடிச்சுக்கிச்சேன்னு பதினெட்டாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் கிப்பன் கேலி பண்ணினார். எனக்கு அந்தக் கேலி ஒட்டல. நிரல்ல ஒரு சமக்குறி போட வேண்டிய இடத்தில் ரெண்டு போட்டா என்ன ஆகும்னு எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரியும்.

சரி, நான் இந்த எபிசோடு பண்ணணும்னு முடிவெடுத்ததே அடுத்து வர்ற பகுதிக்காகத்தான்.

‘ஊசியா’ மாதிரியே இன்னொரு சொல் இருந்தது: ஹைப்போஸ்டாஸிஸ். நிசேயா அறிக்கையோட கடைசியில் வர்ற கண்டனத்தில் இந்த ரெண்டும் ஒரே அர்த்தத்தில் வருது. ஆனா கிழக்கே பலர் ஹைப்போஸ்டாஸிஸை ‘தனித்து நிற்கிற ஒருவர்’னு பயன்படுத்தினாங்க. அதனால ‘மூணு ஹைப்போஸ்டாஸிஸ்’னு சொன்னாங்க. ரெண்டும் ஒண்ணுன்னு பழகினவங்க காதுல அது ‘மூணு கடவுள்’னு விழுந்தது. இவங்க ‘ஒரு ஹைப்போஸ்டாஸிஸ்’னு சொன்னா, அவங்க காதுல ‘ஒரே ஆள், மூணு வேஷம்’னு விழுந்தது.

லத்தீன் வந்து இதை இன்னும் மோசமாக்கிச்சு. ஹைப்போஸ்டாஸிஸை உறுப்பு உறுப்பா லத்தீன்ல பெயர்த்தா ‘சப்ஸ்டான்ஷியா’ வரும். அதாவது கிரேக்கர் ‘மூணு’ன்னு எண்ற சொல்லும், லத்தீன்காரங்க ‘ஒண்ணு’ன்னு எண்ற சொல்லும் ஒரே அச்சு. லத்தீன்காரங்க மூணுக்கு வெச்ச சொல் ‘பெர்சோனா’. மூணாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்காவின் தெர்த்துல்லியன் புழக்கத்துக்குக் கொண்டு வந்தது. அந்தச் சொல்லுக்கு நாடக முகமூடிங்கிற பொருளும் உண்டு. கிரேக்கர் காதுல? மறுபடி சபெல்லியுஸ். சிரியாவின் பாலைவனத்தில் துறவியா இருந்த ஜெரோம், இங்கே ‘மூணு ஹைப்போஸ்டாஸிஸ்’னு சொல்லச் சொல்லி நெருக்குறாங்க, சொல்லலாமா வேண்டாமான்னு ரோமாபுரி பிஷப்புக்குப் பதற்றமா கடிதம் போட்டிருக்கார். பல மொழி தெரிஞ்ச, பைபிளையே லத்தீனுக்குக் கொண்டு வந்த மனுஷனுக்கே அந்த நிலைமை.

இப்போ 362. நாடு கடத்தப்பட்டவங்க திரும்பலாம்னு புதுப் பேரரசர் ஜூலியன் அனுமதி கொடுத்திருந்தார். அவர் பழைய ரோமத் தெய்வங்களுக்குத் திரும்பினவர். கிறிஸ்தவங்க தங்களுக்குள்ள அடிச்சுக்கட்டும்னுதான் திறந்து விட்டார்னு அந்தக் காலத்திலேயே பேச்சு. திரும்பி வந்த அத்தனாசியுஸ் அலெக்சாண்டிரியாவில் ஒரு சின்ன சங்கம் கூட்டினார். அங்கே அவர் பண்ணின காரியம் ரொம்ப எளிமையானது. ‘மூணு’ன்னு சொல்றவங்களைக் கூப்பிட்டு, நீங்க மூணு தனித்தனிக் கடவுள்னா சொல்றீங்கன்னு கேட்கிறாங்க. இல்லவே இல்ல, தந்தை, மகன், ஆவி உண்மையிலேயே இருக்காங்க, வெறும் பேர் இல்லன்னு சொல்றோம், அவ்வளவுதான்னு பதில். அப்புறம் ‘ஒண்ணு’ன்னு சொல்றவங்களைக் கேட்கிறாங்க, நீங்க சபெல்லியுஸ் ஆளுங்களா? இல்லவே இல்ல, இயல்பு ஒண்ணுன்னு சொல்றோம். ரெண்டு தரப்பும் மத்தவங்க சொன்னதை ஒத்துக்கிட்டாங்க. இதெல்லாம் அந்தியோக்கியாவுக்கு எழுதின கடிதத்தில் பதிவாகி இருக்கு. முப்பது வருஷத்துக்கும் மேலா ஓடின சண்டையில யாரோ ஒருத்தர், ‘அந்தச் சொல்லுக்கு நீங்க என்ன அர்த்தம் வெச்சிருக்கீங்க’ன்னு கேட்டு, பதிலைக் கடைசி வரைக்கும் கேட்டிருக்கார்.

கதை இனிமையா முடிஞ்சிருக்கணும். முடியல. அந்தியோக்கியாவில் நிசேயாவை ஏத்துக்கிட்டவங்களே ரெண்டு பிரிவா இருந்தாங்க. கடிதம் போய்ச் சேருறதுக்குள்ள, லூசிபர்னு ஒரு பிஷப் (ஆமா, நிஜமாவே அதான் பேர், சார்டினியா தீவுக்காரர்) அங்கே போய் ஒரு தரப்புக்குப் புது பிஷப்பைத் திருநிலைப்படுத்திட்டார். ஒரே ஊர், ஒரே விசுவாசம், ரெண்டு பிஷப். ஒருத்தர் பூசைக்கு இன்னொருத்தர் போகிறதில்ல. அந்தப் பிளவு ஆற பல பத்தாண்டு ஆச்சு.

சொற்களை நிரந்தரமா ஒழுங்குபடுத்தினவங்க கப்பதோக்கியாவின் மூணு பேர். இன்றைய துருக்கியின் நடுப்பகுதி அது. சிசேரியா பிஷப் பசிலியுஸ், அவர் தம்பி நிஸ்ஸா கிரிகோரி (தொடக்கத்தில் சில்லறை கேட்டாரே, அவர்தான்), பசிலியுஸோட கல்லூரிக்கால நண்பர் நசியான்சு கிரிகோரி. இவங்க சண்டை போட்ட ஆள் யூனோமியுஸ். ஆரியுஸை விடக் கூர்மையான தர்க்கக்காரர். அவர் வாதம் இதுதான்: கடவுளோட இயல்பு என்ன? ‘பிறவாமை’. அதுதான் வரையறை. மகன் பிறந்தவர். ஆக, அவர் இயல்பு வேற. முடிஞ்சது.

முதல் தடவை படிச்சப்போ எனக்கு இதுல ஓட்டையே தெரியல. பதில் எங்கிருந்து வந்ததுன்னா, ‘பிறவாதவர்’ங்கிறது ஒருத்தர் எப்படி வந்தார்ங்கிறதைச் சொல்லுதே தவிர, அவர் என்னவா இருக்கார்ங்கிறதைச் சொல்லலை. நசியான்சு கிரிகோரி ஒரு அழகான உதாரணம் கொடுக்கிறார். ஆதாம், ஏவாள், சேத். ஆதாமைக் கடவுள் நேரடியா உருவாக்கினார். ஏவாள் ஆதாமிலிருந்து எடுக்கப்பட்டவள். சேத் ரெண்டு பேருக்கும் பிறந்த பிள்ளை. வந்த விதம் மூணும் வேற வேற. ஆனா யாராவது ஒருத்தர் குறைஞ்ச மனுஷனா? பிறக்காத ஆதாம், பிறந்த சேத்தை விட அதிக மனுஷனா? இல்லையே. வந்த விதம் வேற, இயல்பு ஒண்ணு.

யூனோமியுஸ் கூட்டம் இன்னொரு பொறி வெச்சிருந்தது. ‘தந்தை’ங்கிறது இயல்போட பெயரா, செயலோட பெயரா? இயல்போட பெயர்னா மகனுக்கு அந்த இயல்பு இல்ல; செயலோட பெயர்னா, மகன் அந்தச் செயலில் செய்யப்பட்ட பொருள். எப்படிப் போனாலும் மாட்டினோம். கிரிகோரி சொன்னது, ரெண்டும் இல்ல, அது உறவோட பெயர். தந்தை மகனுக்கு எப்படி, மகன் தந்தைக்கு எப்படிங்கிறதைத்தான் அந்தச் சொல் சொல்லுது. 380-ல் கான்ஸ்டான்டினோபிளில் ஒரு வீட்டையே கோயிலா மாத்தி வெச்சுக்கிட்டு அவர் கொடுத்த அஞ்சு உரைகளில் இது ஒண்ணுல வருது. அப்போ நகரத்தின் பெரிய தேவாலயங்கள் எல்லாம் எதிர்த்தரப்பு கையில.

இந்த ஒரு நகர்வை நான் இப்படித்தான் புரிஞ்சுக்கிட்டேன். கணினித் துறையில் ‘கிராஃப்’னு ஒண்ணு படிப்போம். புள்ளிகள், அவற்றை இணைக்கிற கோடுகள். பஸ் ரூட் வரைபடத்தை நினைச்சுக்கோங்க. வழக்கமா ஒவ்வொரு புள்ளிக்கும் சொந்தமா ஏதாவது தகவல் இருக்கும்: ஊர் பேர், மக்கள் தொகை. இங்கே கப்பதோக்கியாக்காரங்க வரையறது விசித்திரமான கிராஃப். மூணு புள்ளி. மூணுக்குள்ளயும் இருக்கிற தகவல் அச்சு அசல் ஒண்ணு: எல்லாம் வல்லமை, நன்மை, நித்தியம், எல்லாமே. புள்ளிக்குள்ள எட்டிப் பார்த்தா எது எதுன்னு சொல்ல முடியாது. கோடுகளைப் பார்த்தாத்தான் தெரியும். பிறப்பிக்கிறவர், பிறப்பவர், புறப்படுகிறவர். வித்தியாசம் மொத்தமும் கோட்டுல இருக்கு.

அப்போ மூணு மனுஷங்க மாதிரி மூணு கடவுள்தானேன்னு அப்லாபியுஸ் என்பவர் நிஸ்ஸா கிரிகோரியைக் கேட்டிருக்கார். கிரிகோரியோட பதிலில் ஒரு பகுதி இது: மூணு உழவர் இருந்தா மூணு பேரும் தனித்தனியா உழறாங்க, அதனால எண்றோம். இங்கே அப்படி மூணு தனி வேலை இல்ல. எந்தச் செயலும் தந்தையிலிருந்து தொடங்கி, மகன் வழியா வந்து, ஆவியில் நிறைவேறுற ஒரே அசைவு. பதில் முழுசா திருப்தியா இருக்கான்னா, எனக்கு இல்ல. ஆனா அவர் கேள்வியைத் தட்டிக் கழிக்கலங்கிறது பிடிச்சிருக்கு.

பசிலியுஸ் தூய ஆவியைப் பத்தி எழுதின புத்தகம் வேற ரகம். ஆராதனையில் புகழ் சொல்லும்போது ‘மகன் வழியாக, ஆவியில்’னு சொல்லணுமா, ‘மகனோடும் ஆவியோடும்’னு சொல்லணுமாங்கிறதுல பிரச்சினை. நம்ம பாஷையில சொன்னா, மனுஷன் வேற்றுமை உருபுக்காக ஒரு புத்தகமே எழுதியிருக்கார். ‘ஓடு’ போட்டா சமம், ‘இல்’ போட்டா கீழேன்னு எதிர்த்தரப்பு சொன்னது. பசிலியுஸ், ரெண்டும் பைபிள்ல கலந்துதான் வருதுன்னு பக்கம் பக்கமா காட்டுறார்.

381-ல் கான்ஸ்டான்டினோபிள் சங்கம். நிசேயாவில் ஆவிக்கு ஒரே ஒரு சின்னத் தொடர்தான் இருந்தது. அது இப்போ விரிஞ்சு, ஆவி தந்தையிலிருந்து புறப்படுகிறவர், தந்தையோடும் மகனோடும் சேர்த்து வணங்கப்படுகிறவர்னு ஆச்சு. அந்தச் சங்கத்துக்குக் கொஞ்ச நாள் தலைமை தாங்கின நசியான்சு கிரிகோரி, பிஷப்புகளோட பதவிச் சண்டை தாங்காம ராஜினாமா பண்ணிட்டு ஊருக்குப் போயிட்டார். ‘புறப்படுதல்’னா என்ன, அது ‘பிறப்பு’லிருந்து எப்படி வேறன்னு கேட்டவங்களுக்கு அவர் ஏற்கெனவே பதில் சொல்லியிருந்தார்: தந்தையோட பிறவாமையை நீங்க முதல்ல விளக்குங்க, மத்தது ரெண்டையும் நான் விளக்குறேன், அப்புறம் ரெண்டு பேருக்கும் சேர்ந்து பைத்தியம் பிடிக்கும். கிழக்கு அந்த இடத்தில் கேள்வியை மூடி வெச்சது.

மேற்கு மூடல. வட ஆப்பிரிக்காவில் அகஸ்டின் பதினஞ்சு பாகத்தில் திரித்துவத்தைப் பத்தி எழுதினார். எழுதி முடிக்கிறதுக்கு முன்னாடியே யாரோ அவர் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுபோய் பரப்பிட்டாங்க, கோபத்தில் எழுதுறதையே கொஞ்ச காலம் நிறுத்தி வெச்சார். அவரும் உறவைத்தான் பிடிச்சார்: கடவுளைப் பத்திச் சொல்றது ஒண்ணு இயல்பைக் குறிக்கும், இல்ல உறவைக் குறிக்கும். கிரேக்கர் ஊசியாவுக்கும் ஹைப்போஸ்டாஸிஸுக்கும் என்ன வித்தியாசம் வெச்சிருக்காங்கன்னு தனக்குப் புரியலைன்னு அவரே வெளிப்படையா சொல்றார். ஆனா ஒரு படி மேலே போய், நேசிக்கிறவர், நேசிக்கப்படுகிறவர், அந்த நேசம்னு ஒரு படம் வரைஞ்சார். ஆவி என்பது தந்தைக்கும் மகனுக்கும் நடுவில் இருக்கிற அன்பு. அப்படின்னா ஆவி ரெண்டு பேரிடமிருந்தும் வரணும் இல்லையா?

இப்போ என் கிராஃபுக்கு வாங்க. புள்ளிகள் மூணும் ஒண்ணு, கோடு மட்டும்தான் வேற. மகனிடமிருந்து தந்தைக்கு ஒரு கோடு. ஆவியிடமிருந்து தந்தைக்கு ஒரு கோடு. மகனுக்கும் ஆவிக்கும் நடுவில் கோடு இல்லைன்னா, அந்த ரெண்டு புள்ளியையும் எப்படிப் பிரிச்சுச் சொல்வீங்க? லத்தீன் மரபு கேட்ட கேள்வி இதுதான். பதினோராம் நூற்றாண்டு அன்செல்மும் பதிமூணாம் நூற்றாண்டு தாமஸ் அக்வினாஸும் இதை இறுக்கிப் பிடிச்சாங்க. உறவில் எதிரெதிரா நிற்காத இடத்தில் எல்லாம் ஒண்ணாயிடும். அதனால மகனுக்கும் ஆவிக்கும் நடுவில் ஒரு கோடு வேணும். ஆவி மகனிலிருந்தும் புறப்படுகிறார். அக்வினாஸ் இன்னும் தூரம் போய், ‘ஆள்’ங்கிறதே அந்த உறவுதான், தனியா நிற்கிற உறவுன்னு சொன்னார். புள்ளியே இல்ல, கோடுதான் புள்ளி.

கிழக்கு சொன்னது, கோட்டோட பெயர் வேற, ஒண்ணு பிறப்பு, ஒண்ணு புறப்பாடு, அதுவே போதும். ஒன்பதாம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோபிள் பேராயர் போத்தியுஸ் கணக்கு மாதிரி ஒரு எதிர்வாதம் வெச்சார். எந்தத் தன்மையும் ஒண்ணு மூவருக்கும் பொது, இல்ல ஒருவருக்கு மட்டும் சொந்தம். ஆவியைப் புறப்படச் செய்றது தந்தைக்கு மட்டும் சொந்தம்னா மகன் அதுல இல்ல. மூவருக்கும் பொதுன்னா ஆவி தன்னையே புறப்படச் செய்றார். ரெண்டு பேருக்கு மட்டும் பொதுன்னு ஒரு மூணாவது பெட்டி கிடையாது. ரெண்டு தரப்பு வாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சுப் படிச்சா, ரெண்டு பேரும் ஒரே அடிப்படையிலிருந்துதான் கிளம்புறாங்கன்னு தெரியும்.

வாதமா மட்டும் இருந்திருந்தா பரவாயில்ல. லத்தீன் உலகம் ‘மகனிலிருந்தும்’ங்கிற அந்தச் சொல்லை, ஃபிலியோக்வே, விசுவாச அறிக்கைக்குள்ளயே சேர்த்தது. ஸ்பெயின் பகுதியில் ஆரம்பிச்சது. அங்கே ஆரியுஸ் வழியிலிருந்து மாறி வந்த ஆட்சியாளர்களுக்கு மகனோட சமநிலையை அழுத்திச் சொல்றது தேவைப்பட்டிருக்கலாம். அப்புறம் சார்லமேன் அரசவை அதைத் தூக்கிப் பிடிச்சது. அப்போதைய போப் மூன்றாம் லியோ அந்தக் கருத்தை ஏத்துக்கிட்டாலும், அறிக்கையில் கை வைக்கச் சம்மதிக்கல. சேர்க்கை இல்லாத மூலத்தைக் கிரேக்கத்திலும் லத்தீனிலும் வெள்ளித் தகடுகளில் பொறிச்சு ரோமாபுரியில் வெச்சார். இருநூறு வருஷம் கழிச்சு, 1014-ல் பேரரசர் இரண்டாம் ஹென்றியின் முடிசூட்டு விழாவோட, ரோமாபுரித் திருப்பலியிலும் அது நுழைஞ்சது.

1054 ஜூலை 16. போப்பின் தூதர் ஹம்பெர்ட், கான்ஸ்டான்டினோபிளின் ஹாகியா சோஃபியா பலிபீடத்தில் விலக்க ஆணையை வெச்சுட்டு வெளியே போறார். அதுல கிரேக்கர் மேல சாட்டின குற்றங்களில் ஒண்ணு, அவங்க விசுவாச அறிக்கையிலிருந்து ஃபிலியோக்வேயை நீக்கிட்டாங்கங்கிறது! சேர்த்தது யாருங்கிறதே அவருக்குத் தெரியல. இந்த ஒரு நாள்லதான் திருச்சபை உடைஞ்சதுன்னு சொல்றது மிகை; 1204-ல் சிலுவைப் போர்ப் படை அந்த நகரத்தைக் கொள்ளையடிச்சது அதை விட ஆழமான காயம். ஆனா வாயில சொல்ற காரணமா நின்னது இந்தச் சொல்தான். 1439-ல் பிளாரன்ஸ் சங்கத்தில், ‘மகன் வழியாக’ன்னு கிரேக்கர் சொல்றதும் ‘மகனிலிருந்தும்’னு லத்தீனர் சொல்றதும் ஒண்ணுதான்னு ஒப்பந்தம் போட்டாங்க. மறுபடி வேற்றுமை உருபு. எபேசு பிஷப் மாற்கு கையெழுத்துப் போடல. ஊருக்குத் திரும்பினப்போ ஜனங்க அவர் பக்கம்தான் நின்னாங்க. துருக்கியர் நெருங்கிக்கிட்டு இருந்த நேரம், மேற்கின் படை உதவி தேவைப்பட்ட நேரம், அப்பவும். 1453-ல் நகரம் விழுந்தது.

1995-ல் வாடிகன் இதைப் பத்தி ஒரு விளக்க ஆவணம் வெளியிட்டது. அதோட மையம் மறுபடி ஒரு மொழிபெயர்ப்பு. அறிக்கையில் இருக்கிற கிரேக்க வினை, முதல் ஊற்றிலிருந்து கிளம்புறதை மட்டும் குறிக்கும். அந்த அர்த்தத்தில் ஆவி தந்தையிலிருந்து மட்டும்தான். லத்தீன்ல அதுக்குப் போட்ட வினை அகலமானது, இடையில் ஒருத்தர் வழியா வர்றதையும் குறிக்கும். அந்த அர்த்தத்தில் ‘மகனிலிருந்தும்’ சொல்லலாம். ஒரே சொல்னு நினைச்சு ரெண்டு வேற சொல்லை வெச்சு வாதாடியிருக்காங்க. ஆர்த்தடாக்ஸ் தரப்பில் எல்லாரும் இதோட சமாதானம் ஆயிடல. போத்தியுஸோட கேள்வி இன்னும் அப்படியேதான் இருக்கு.

நம்ம பக்கத்திலேயே இதைக் கேட்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் கோயிலில் விசுவாச அறிக்கை சொல்லும்போது, ஆவி தந்தையிலிருந்தும் மகனிலிருந்தும் புறப்படுகிறதா வரும். அதே நேரம் கோட்டயத்தில் ஒரு மலங்கரை ஆர்த்தடாக்ஸ் கோயிலில், தந்தையிலிருந்துன்னு சொல்லி அடுத்த வரிக்குப் போயிடுவாங்க.

அடுத்த எபிசோடுல, இதே ஊர்க்காரங்க படத்தை வணங்கலாமா கூடாதான்னு நூறு வருஷத்துக்கும் மேல போட்ட சண்டை.